பதினேழு மாணவர்களும் ஒரு பதிவேடும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்னும் சிற்றூரில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவக் கல்லூரி 1797-இல் தொடங்கப்பெற்றது. அந்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுள் பழமையில் நான்காவது. இன்று அதற்குக் கைசல் மருத்துவக் கல்லூரி என்று பெயர். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்குப் பயின்ற 17 மாணவர்கள் மீது தேர்வு முறைகேட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் சிலர் கல்லூரியை விட்டே நீக்கப்பட்டனர். சிலர் இடைநீக்கம் பெற்றனர். சிலருடைய பதிவேட்டில் ஒழுங்கீனக் குறிப்பு ஏறியது. மூன்று மாதங்கள் கழித்து, ஜூன் மாதத்தில், டீன் டுவேன் காம்ப்டன் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் திரும்பப் பெற்று அம்மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

முடிந்துபோன விவகாரத்தை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். அங்கே வழக்கு முடிந்ததே தவிர, அவ்வழக்கை உண்டாக்கிய மனப்போக்கு முடியவில்லை என்பதே என் விடை. அம்மனப்போக்கு நம் கல்லூரிகளுக்குள்ளும் மெல்லக் காலெடுத்து வைத்திருக்கிறது. ஆகவே அந்த 17 பேரின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அவர்களுள் ஒருவர்கூடத் தவறு செய்திருக்கமாட்டார் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. அது எனக்குத் தெரியாது. கல்லூரிக்கும் தெரியாது. தெரியாமலே தண்டித்தது என்பதுதான் என் வழக்கு.

நடந்ததை முதலில் பார்ப்போம். பெருந்தொற்றுக் காலம்; மாணவர்கள் தத்தம் அறையிலிருந்தே தேர்வு எழுதினர். எழுதும் கணினியில் வேறு எதையும் திறக்கவொட்டாமல் தடுக்கும் காவல் மென்பொருள் ஒன்று ஓட வேண்டும். அக்கணினி பழுதானால் உதவும் என்று, மாற்றுக் கருவி ஒன்றையும் அருகிலேயே வைத்துக்கொள்ளுமாறு கல்லூரியே விதித்திருந்தது. 2021 ஜனவரியில் ஆசிரியர் ஒருவர் தேர்வில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று ஐயம் தெரிவித்தார். அந்த மாற்றுக் கருவியில் பாடங்களைத் திறந்து பார்த்திருப்பார்களோ என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வந்தது. பாடக்குறிப்புகளும் பயிற்சி வினாக்களும் கான்வாஸ் என்னும் கற்பித்தல் தளத்தில் இருந்தன. யார், எப்போது, எந்தப் பக்கத்துக்கு வந்தார் என்று அத்தளம் தன் போக்கில் குறித்துக்கொண்டே இருக்கும். அப்பதிவுகளை, மாணவர்களுக்குத் தெரிவிக்காமலே, பின்னோக்கிச் சென்று சலித்தெடுத்தனர். முதலிரண்டு ஆண்டு மாணவர்கள் எழுதிய 18 தேர்வுகள். விடைத்தாள் கணக்கில் 3,000-க்கும் மேல். 38 பேர் வலையில் சிக்கினர். மேலும் வடிகட்டி 17 பேர் மீது குற்றம் சாட்டினர்.

இங்கே ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வழங்கியில் விழும் பதிவு எதைச் சொல்கிறது? இன்னாருடைய கணக்கில் நுழைந்த ஒரு கருவி, இத்தனை மணிக்கு, இன்ன பக்கத்தைக் கேட்டது, அவ்வளவே. கேட்டது விரலா, கருவியே தானாகவா என்பதை அது சொல்லாது. முந்தைய இரவு நரம்பியல் பாடத்தைப் படித்துவிட்டு, உலாவியில் அப்பக்கத்தை மூடாமல் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு உறங்கப் போகிறான் ஒரு மாணவன். மறுநாள் அவன் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது, பைக்குள் கிடக்கும் கைப்பேசி இணைய இணைப்பைப் பிடித்தவுடன் திறந்திருந்த பக்கத்தைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. வழங்கியில் ஒரு வரி விழுகிறது. அவ்வரியும், அவன் கள்ளத்தனமாக எடுத்துப் படித்திருந்தால் விழக்கூடிய வரியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இது என் கற்பனை என்று தள்ளிவிட வேண்டா. யாரும் தொடாத நிலையிலும் மாணவர்களின் கருவிகள் கான்வாஸில் தாமாகவே பதிவுகளை உண்டாக்கக்கூடும் என்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்து 2021 மே மாதத்தில் வெளியிட்டது. எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் இணைய உரிமை அமைப்பும் இப்பதிவுகளைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று எழுதியது. ஏன், கல்லூரியே 17 பேருள் எழுவர் மீதான வழக்கைக் கைவிட்டது. அவற்றுள் ஒன்றிலேனும், மாணவர் வேண்டுமென்று செய்த செயலைவிடத் தளத்தின் தானியங்கிச் செயலே அப்பதிவுக்குக் காரணமாயிருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டது. எழுவருக்குப் பொருந்திய ஐயம் எஞ்சிய பதின்மருக்கு ஏன் பொருந்தவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருத்துவம் கற்பிக்கும் ஓரிடத்தில் இது நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் தமிழ் படித்தவன். மருத்துவத்தில் என் அறிவு நோயாளியின் அறிவு மட்டுமே. ஆயினும் ஒன்று தெரியும். கூட்டத்தைச் சலிக்கும் சோதனை வேறு, நோயை உறுதிசெய்யும் சோதனை வேறு என்பது மருத்துவ மாணவர் தொடக்கத்திலேயே பயிலும் பாடம். எச்.ஐ.வி. சோதனையில் முதல் முடிவு நேர்மறை என்று வந்தவுடனேயே ஒருவரை நோயாளி என்று அறிவித்துவிடுவதில்லை. மறுசோதனை செய்துதான் சொல்கிறார்கள். நோய் அரிதாக இருக்குமிடத்தில், நல்ல சோதனைகூட நோயற்றவரையே மிகுதியாகப் பிடித்துத் தரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. 3,000 தேர்வுகளுள் பத்தில் மட்டுமே உண்மையான முறைகேடு நடந்தது என்று கொள்வோம். நம் சல்லடை அப்பத்தையும் தவறாமல் பிடித்துவிடுகிறது. நேர்மையாக எழுதியவற்றுள் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சுட்டுகிறது. நூற்றுக்கு 99 சரி என்றால் எவ்வளவு நல்ல சல்லடை! ஆனால் எஞ்சிய 2,990-இல் நூற்றுக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 30. ஆக வலையில் 40 மீன். அவற்றுள் 30 குற்றமற்றவை. சிக்கிய நால்வரில் மூவர் ஒன்றும் செய்யாதவர். கைசல் கல்லூரியின் சல்லடை எத்தனைக்கு எத்தனை தவறும் என்று அவர்கள் கண்டறிந்தார்களா? குற்றம் சாட்டுமுன் கண்டறிந்திருந்தால் அதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவப் பேராசிரியர்கள் நிறைந்த அவையில் இக்கேள்வி எழாமற் போனது வியப்பு.

தேர்வு முறைகேடு எனக்குப் புதியதன்று. இருபதாண்டுகளாக அறைக் கண்காணிப்பாளனாக நின்று கால் வலித்தவன். பறக்கும் படை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அது வருகிறது என்ற செய்தி எப்படியோ பறந்து வந்துவிடும் விந்தையையும் அறிவேன். பிட்டு அடிக்கும் மாணவனிடம் எனக்குப் பரிவு கிடையாது; பக்கத்து இருக்கையில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்து வந்தவளுக்கு அவன் செய்வது துரோகம். ஆனால் எங்கள் அறையில் ஒருவனைப் பிடித்தால் என்ன நடக்கிறது? துண்டுத்தாள் கையில் இருக்கிறது. அதை அவன் கண்முன்னே விடைத்தாளோடு இணைக்கிறோம். அவன் தன் கைப்பட விளக்கம் எழுதுகிறான். விசாரணைக் குழுமுன் அந்தத் தாள் மீண்டும் மேசைமேல் வைக்கப்படுகிறது. அது தன் கையெழுத்தில்லை என்று சொல்லவும், தேர்வுக்கும் அத்தாளுக்கும் தொடர்பில்லை என்று வாதிடவும் அவனுக்கு வழி உண்டு. ஆயிரம் குறை சொல்லலாம் அம்முறையைப் பற்றி, நானே சொல்லுவேன். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவனும் சாட்டியவரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள், இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியும்.

ஹானோவரில் அது இல்லை. குற்றச்சாட்டுக்கு மறுமொழி தரத் தங்களுக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைத்தது என்று மாணவர்கள் நாளிதழிடம் சொன்னார்கள். பதிவுகள் முழுமையாகத் தரப்படவில்லை. இணையவழி விசாரணையில் தம் தரப்பைச் சொல்லச் சிலருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில், முந்தாநாள்தான் கண்ணில் பட்ட ஒரு தரவுத் தாளின் தொழில்நுட்பப் பிழையை, மருத்துவம் படிக்கும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, பேராசிரியர்களுக்கு விளக்கி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் தொழிலே போயிற்று.

போகும் தொழில் சிறியதன்று. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் புகுபவர் நான்காண்டு இளங்கலை முடித்தவர். கடன் வாங்கிப் படித்து வெளிவருபவர்களின் இடைநிலைக் கடன் அந்நாட்களில் ஏறத்தாழ 2 லட்சம் டாலர். பட்டம் பெற்றாலும் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியிடம் கிடைத்தால்தான் மருத்துவராகலாம். அவ்விடத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி தரும் மதிப்பீட்டு மடலில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய குறிப்பும் போகும். பிறகு உரிமம் கோரும் மாநிலத்தில் மறுபடியும் அதே கேள்வி. நீக்கப்பட்டவனுக்குக் கதவு அடைபடும். நீக்கப்படாமல் குறிப்பு மட்டும் பெற்றவனுக்கோ, வாழ்நாள் முழுதும் தட்டும் கதவுதோறும் அக்குறிப்பு முன்னால் போய் நிற்கும்.

'ஒப்புக்கொண்டார்களே' என்பது கல்லூரியின் தரப்பில் வலுவாகச் சொல்லப்படக்கூடிய வாதம். ஆம், சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எப்படி ஒப்புக்கொண்டனர்? தாம் தவறு செய்யவில்லை என்று சொன்ன பிறகும், ஒப்புக்கொள்வதே நல்லது என்று தமக்கு அறிவுரை தரப்பட்டதாக மாணவர்கள் கூறினர். மறுத்து வாதாடித் தோற்றால் திருந்தாதவன் என்ற பெயரோடு தண்டனை கூடும். ஒப்புக்கொண்டு தலைகுனிந்தால் குறையலாம். இந்தக் கணக்கு முன்வைக்கப்பட்டால், குற்றவாளியும் நிரபராதியும் ஒரே முடிவைத்தான் எடுப்பார்கள். அப்படிப் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு இருவரையும் எவ்வாறு பிரித்தறிவது? இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நேர்மையை வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட விதி, செய்யாததைச் செய்தேன் என்று பொய் சொன்னவனுக்குச் சலுகை காட்டி, செய்யவில்லை என்று நின்றவனை அச்சுறுத்துகிறது.

சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இவ்விடத்தைத் தாண்ட ஒரு தமிழாசிரியனால் முடியாது; பொறுத்தருள்க. கோவலன் கொலையைப் பற்றிப் பேசும்போது பாண்டியனின் அவசரத்தையே நாம் மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம். கொலைக்களக் காதையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் இடம் ஒன்றுண்டு. காவலர் கோவலனைக் கண்டவுடன் வாளை உருவிவிடவில்லை. இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று தயங்கினர். அத்தயக்கத்தைத் துடைத்தது பொற்கொல்லனின் புலமை. களவு நூலார் சொல்லும் எட்டு வகைத் துணைகளை வரிசையாக எடுத்துரைத்து, கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள் என்று வகுப்பெடுக்கிறான். எதிரே நிற்கும் மனிதனின் முகம் சொன்னது, துறை வல்லுநனின் வகைப்பாட்டுக்கு முன் அடிபட்டுப் போயிற்று. கையில் இருந்ததோ சிலம்பு. பார்வைக்கு அரசியின் சிலம்பைப் போன்றதே. உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. அதுவும் இறந்தவனின் மனைவி வந்து கேட்டதனால்.

டார்ட்மவுத் கணினித் துறையினர் பொற்கொல்லனைப் போன்ற வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் முதலில் பாடத்தின் முகப்புப் பக்கம், அடுத்து வினாவுக்குத் தொடர்பான பயிற்சிப் பக்கம் என்று ஒரு தடம் தெரிந்தால் அது ஐயத்துக்குரியது என்று தமக்குத் தெரிந்த வகையில் ஒரு முறையை வகுத்தனர். ஐயம் கொள்ள அது போதும். அதை நானும் ஏற்பேன். ஐயத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே உடைத்துப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறதே, அது விட்டுப்போயிற்று.

இதே 2021-இல், இதே பருவத்தில், இங்கிலாந்திலும் ஒரு சிலம்பு உடைந்தது. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள், கல்லாவில் பணம் குறைவதாகப் பொய்க்கணக்குக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தி வந்த நூற்றுக்கணக்கான எளிய மனிதர்கள் திருடர் என்று வழக்குத் தொடரப்பட்டனர். பலர் சிறை சென்றனர். பலர் இங்கும் தண்டனை குறையும் என்று ஒப்புக்கொண்டனர். 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. கணினி சரியாக இயங்கியது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், இல்லையென்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு என்ற நிலை அந்நாட்டுச் சட்டத்தில் இருந்ததும் இவ்வளவு காலம் நீண்டதற்கு ஒரு காரணம். அஞ்சலகம் நடத்தும் மூதாட்டி மென்பொருளின் பிழையை எங்கே போய்த் தேடுவார்?

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அரசுப் பள்ளி மாணவனைப் பத்து நாள் நீக்குவதற்குக்கூட, என்ன குற்றம் என்று சொல்லி அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975-இல் கோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978-இல் வந்த ஹோரோவிட்ஸ் வழக்கு ஒரு மருத்துவ மாணவியைப் பற்றியது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில் இருந்த அவர், நோயாளிகளைக் கையாளும் திறம் போதாது, தூய்மை பேணுவதில்லை என்பன போன்ற காரணங்களால் நீக்கப்பட்டார். அங்கே நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. ஒரு மாணவர் நல்ல மருத்துவராவாரா என்பது ஆசிரியரின் துறையறிவு சார்ந்த மதிப்பீடு. அதற்கு நீதிமன்ற விசாரணை போன்ற நடைமுறை வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் கதை வேறு என்று அத்தீர்ப்பு கோடு கிழித்தது. எனக்கு அக்கோடு சரியாகவே படுகிறது. அறுவை அரங்கில் மாணவர் கை கழுவும் முறை சரியா என்று சொல்ல மருத்துவப் பேராசிரியருக்குத் தகுதி உண்டு. ஒரு வழங்கிப் பதிவு மனிதக் கையால் விளைந்ததா என்று சொல்ல அவருக்கு என்ன தகுதி? கைசல் கல்லூரியின் குற்றச்சாட்டு நடந்ததா நடக்கவில்லையா என்னும் வெறும் உண்மை பற்றியது. அங்கே பேராசிரியர் என்ற தகுதிக்குத் தனி மரியாதை ஏதுமில்லை.

ஆனால் மேற்சொன்ன தீர்ப்புகள் அரசு நிறுவனங்களுக்கு உரியவை. டார்ட்மவுத் தனியார் கல்லூரி. அது தனியார் கல்லூரியாகவே நீடிப்பதற்கும் ஒரு பழங்கதை உண்டு. மாநிலச் சட்டமன்றம் 1816-இல் அக்கல்லூரியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முயன்றது. டேனியல் வெப்ஸ்டர் என்ற பழைய மாணவர் கல்லூரிக்காக வாதாடினார். கல்லூரி பெற்ற பட்டயம் ஓர் ஒப்பந்தம், அதை அரசு தன் விருப்பம்போல் மாற்ற முடியாது என்று 1819-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த வாக்கு காக்கப்பட வேண்டும் என்று வழக்காடி வாழ்வு பெற்ற கல்லூரி அது. மாணவர் கையேட்டில் நியாயமான விசாரணை தருவோம் என்று அச்சிட்டுக் கொடுப்பதும் ஒரு வாக்குத்தானே.

மறுதரப்பின் வலுவான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. மருத்துவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அங்கே பொய்க்கு விலை உயிர். மாக்ஸின் பப்படாகிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதில் அடிக்கடி காட்டப்படும். பின்னாளில் மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களின் மாணவப் பருவக் கோப்புகளைத் தண்டிக்கப்படாத 469 பேரின் கோப்புகளோடு ஒப்பிட்டனர். மாணவராயிருக்கும்போதே ஒழுங்கீனக் குறிப்பு பெற்றோர் பின்னாளில் தண்டனை பெறும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டனர். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய ஆய்வன்று. ஆனால் அதே ஆய்வில், பின்னாளில் எக்குறையும் இன்றிப் பணியாற்றிய மருத்துவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாணவப் பருவத்தில் அத்தகைய குறிப்பு இருந்தது. மேலும், அக்குறிப்பு இவ்வளவு பொருளுடையது என்றால் அதை எழுதும் கை எவ்வளவு நடுங்க வேண்டும்! பொய்யாக எழுதப்பட்ட குறிப்பு நல்ல மருத்துவர் ஒருவரை நோயாளிகளிடமிருந்து பறிப்பது ஒருபுறம் இருக்க, அக்கோப்புகளை நம்பி நடக்கும் ஆய்வுகளையும் கெடுத்துவிடும்.

இக்கல்லூரியின் பெயர் பற்றி ஒரு சிறு செய்தி; இலக்கிய நண்பர்களுக்குச் சுவைக்கும். கைசல் என்பது குழந்தை இலக்கிய உலகில் டாக்டர் சூஸ் என்று புகழ்பெற்ற தியோடர் கைசலின் பெயர். அவரும் அவர் மனைவி ஆட்ரியும் அளித்த கொடைகளுக்காக 2012-இல் மருத்துவக் கல்லூரிக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. தியோடர் கைசல் 1925-இல் டார்ட்மவுத்தில் பட்டம் பெற்றவர். இறுதியாண்டில், மதுவிலக்குக் காலத்தில், விடுதியில் நண்பர்களோடு ஜின் அருந்தி அகப்பட்டுக்கொண்டார். அக்காலத்து டீன் அவரை மாணவர் நகைச்சுவை இதழின் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலக்கினார். கைசலுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அதே இதழில் எழுதினார். அப்படிப் பிறந்த புனைபெயர்தான் சூஸ். அவர் செய்தது உண்மையாகவே குற்றம். கையும் களவுமாகப் பிடிபட்டார். ஆயினும் தண்டித்த டீன் பட்டத்தைப் பறிக்கவில்லை, இதழைத்தான் பறித்தார். தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து அவர் பெயர் தாங்கிய கல்லூரியில், செய்தார்களா என்றே தெரியாத ஒரு செயலுக்குப் படிப்பையே பறித்தார்கள்.

டீன் காம்ப்டன் பின்வாங்கியதைப் பாராட்டவே வேண்டும். மேலும் ஆராய்ந்ததிலும், தளத்தை வழங்கும் நிறுவனத்திடமிருந்து வந்த புதிய தகவல்களின் அடிப்படையிலும் குற்றச்சாட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தார். மாணவர்களின் பதிவேடுகளில் இதன் சுவடு இராது என்றார். தவற்றை மூடி மறைக்கும் நிறுவனத் தலைவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய செயல். ஆனால் அத்தகவலை ஏன் முதலிலேயே கேட்கவில்லை? தளத்தின் நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுதக் கூடியது பிப்ரவரியிலேயே கூடுமே. மாணவர்கள் வளாகத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்து, உரிமை அமைப்புகள் கடிதம் எழுதி, உலகறிந்த நாளிதழ் தன் தொழில்நுட்பச் செய்தியாளர்களைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்ட பின்னர்தான் அந்த மறு ஆராய்ச்சி நடந்தது. டார்ட்மவுத் என்ற பெயருக்காக நாளிதழ் வந்தது. பெயரில்லாத கல்லூரியில் ஒருத்தி தனியாக இப்படிச் சிக்கியிருந்தால் யார் வந்திருப்பார்?

பெருந்தொற்றுக்குப் பின் நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றிலும் இத்தகைய கற்பித்தல் தளங்கள் நுழைந்துவிட்டன. நான் பணியாற்றும் கல்லூரியிலும் ஒன்று இருக்கிறது. பாடம் ஏற்றுவதைவிட, எந்த மாணவி எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் பார்த்தாள் என்ற பட்டியலை எடுப்பதில் எங்கள் நிர்வாகத்துக்கு ஆர்வம் அதிகம். சென்ற ஆண்டு பேரவைக் கூட்டமொன்றில் அப்பட்டியலை அகமதிப்பீட்டு முறைகேடுகளுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. அப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு பத்தியும் என்ன பொருள் தருகிறது என்று அவையில் இருப்பவர்களில் யாரேனும் விளக்க முடியுமா என்று கேட்டேன். மென்பொருள் விற்றவரை அழைத்துக் கேட்கலாம் என்றார் ஒருவர். அவர் வரட்டும், வரும்போது மாணவர் தரப்பிலும் ஒருவர் உட்காரட்டும், பட்டியலின் முழு நகல் அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே போகட்டும் என்றேன். முன்மொழிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் இன்னும் கூடவில்லை.